மருத்துவமனை ஊழியர்களின் தயக்கமும் நமது மௌனமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வல்ல நாயனைப் புகழ்ந்து, நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் துவங்குகிறோம்.

இவ்வாண்டு நமது மஹல்லாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்படவிருப்போர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் அவர்களுள் ஒரு பெரியவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், இந்த ஊசி கட்டாயம்தானா? கொரோனா நேரத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களே போடாமல் நழுவிக்கொண்டார்களே" என்று கேட்டார்.

கேள்வியின் முதற்பாதிக்கு விடை எளிது. 1987ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் ஹஜ்ஜுக் கூட்டத்தில் மூளைக்காய்ச்சல் பரவி, ஹாஜிகள் அதனைத் தத்தம் நாடுகளுக்கும் கொண்டு சென்றனர். ஆகவேதான் சவூதி அரசு அந்த ஊசியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார். இரண்டாம் பாதிதான் நம்மை உறங்க விடவில்லை. அவர் சொன்னது முழுப் பொய்யன்று. எனவே இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

2021ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று நாடெங்கும் கொரோனா தடுப்பூசி துவங்கியது. முதல் உரிமை மருத்துவமனை ஊழியர்களுக்கே அளிக்கப்பட்டது. தமிழகத்தில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் அன்றைய முதலமைச்சர் துவக்கி வைத்தார். (1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைக் கடுமையாக எதிர்த்தவர் இராஜாஜி. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையிலேயே இத்துவக்கம் நிகழ்ந்தது. ஊசிக்கு எதிரான குரல் நம் மண்ணுக்குப் புதிதன்று. அது படிக்காதவர்களின் குரல் மட்டுமன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.) ஆனால் முதல் நாட்களில் எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஊழியர்கள் வரவில்லை. பெயர் பதிவாகியிருந்தும் பலர் ஒதுங்கி நின்றனர்.

ஏன் நின்றார்கள்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அநீதியாகும். அப்போது இரண்டு ஊசிகள் இருந்தன. அவற்றுள் கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு வெளிவருமுன்பே அனுமதி தரப்பட்டது. அதைப் போட்டுக்கொள்பவர் மட்டும் தனியே ஒரு ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். மற்ற ஊசிக்கு இல்லாத படிவம் இதற்கு மட்டும் ஏன் என்று ஒரு செவிலியர் கேட்டால் அது நியாயமான கேள்வியல்லவா? டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர்கள், தங்களுக்குக் கோவிஷீல்டையே தர வேண்டுமென்று முதல் நாளிலேயே கடிதம் எழுதினார்கள். மருத்துவம் கற்றவர்களே அவர்கள். மார்ச் 3 அன்றுதான் கோவாக்சினின் இடைக்கால முடிவு வெளியாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. செவிலியருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் பலர் இளவயதினர். கருவுற்றோரையும் பாலூட்டுவோரையும் அன்றைய பரிசோதனைகளில் சேர்க்கவில்லை. ஊசிப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்கு மே மாதத்திலும், கருவுற்றோருக்கு ஜூலையிலும்தான் அனுமதி கிடைத்தது. முந்தைய ஆண்டு முழுவதும் முகக்கவசத்துக்குள் வியர்த்து, பிள்ளைகளைத் தொடாமல் வாழ்ந்தவர்கள் இவர்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளிடமிருந்து தொற்றி இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல்லெறிந்ததை நாடே பார்த்தது. தன்னை இவ்வாறு நடத்திய சமுதாயம் "நீதான் முதலில் போட்டுக்கொள்" என்று சொல்லும்போது, அதை மரியாதையாக ஏற்பதா, சோதனையாக ஏற்பதா என்ற குழப்பம் ஓர் ஊழியருக்கு எழாதா?

நமது மஹல்லாவிலேயே ஒரு சகோதரி மருத்துவமனையொன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறார். அந்த ஜனவரியில் அவர் மடியில் ஐந்து மாதக் குழந்தை. பட்டியலில் தமக்கு இடமில்லை என்பதால் அவர் போட்டுக்கொள்ளவில்லை. தெருவில் யாரோ ஒரு பெண்மணி, "நீ போட்டாயா?" என்று கேட்க, "இல்லை" என்றார். அதற்குள் குழந்தை அழுததால் உள்ளே சென்றுவிட்டார். அந்த "இல்லை" மட்டும் இரண்டு தெரு கடந்து பள்ளிவாசல் ஹவ்ளு வரை வந்து சேர்ந்தது. காரணம் அவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. "நர்ஸே போடவில்லையாம்" என்று மஃரிபுக்கு ஒளூச் செய்துகொண்டிருந்தவர்கள் பேசியதை நம் காதாலேயே கேட்டோம்.

கேட்டுவிட்டு நாம் என்ன செய்தோம்? இங்கேதான் நமது குற்றத்தை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் ஒன்றும் செய்யவில்லை.

ஊசியில் பன்றிக் கொழுப்பு இருப்பதாக ஒரு வதந்தி உலவியது. நம்மிடம் தனியே வந்து கேட்டவர்களுக்கு, நம் நாட்டில் போடப்படும் இரண்டு ஊசிகளிலும் அது இல்லை என்று சொன்னோம். அப்படியே ஓர் ஊசியில் இருந்தாலும், வேறு மாற்று இல்லாத நிலையில் உயிர் காக்க அனுமதியுண்டு என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா சபை 2020 டிசம்பரிலேயே கூறியதையும் சொன்னோம். ஆனால் மிம்பரில் ஏறி ஒருமுறையும் கூறவில்லை. 2020இல் டெல்லி மர்கஸைக் காரணமாக்கி, நோயையே நம் சமுதாயத்தின் தலையில் சுமத்தினார்கள். அந்த வழக்குகள் சிலவற்றை ரத்து செய்த பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வே, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டார்கள் என்ற கருத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்டது. அந்தக் காயம் ஆறாத நேரத்தில், அரசு சொல்வதை நாமும் சொன்னால் மக்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சினோம். பெரிய ஆலிம்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். சரியாகச் சொன்னால், ஒளிந்துகொண்டோம்.

ஏப்ரல் 14இல் ரமளான் பிறந்தது. தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்பதை மார்க்க அறிஞர்கள் பலரும் முன்னரே தெளிவுபடுத்தியிருந்தனர், நாமும் அறிந்திருந்தோம். மறுநாள் நடிகர் விவேக் அவர்கள் சென்னையில் பலர் காண ஊசி போட்டுக்கொண்டார்கள். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார்கள். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழு அறிவித்தது அக்டோபரில்! அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. "பெருநாள் கழியட்டும்" என்று நம் மக்கள் தள்ளிப் போட்டார்கள். பெருநாள் வந்தபோது ஊரடங்கு. மே மாதம் 21ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. நமது மையவாடியில் நான்கு பேர் மட்டும் நின்று தொழுத ஜனாஸாக்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுள் ஹவ்ளில் அந்தப் பேச்சைப் பேசிய ஒருவரும் இருந்தார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நமக்கு ஞானமில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில். நாம் சொல்லியிருந்தோமா என்ற கேள்விதான் நம்மை விடவில்லை.

சகோதரர்களே! உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, ஸர்ஃ என்னுமிடத்தில் தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் மற்றவர்களும் எதிர்கொண்டு, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். கலீஃபா முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் இரு கருத்தானார்கள். அன்ஸார்களை அழைத்தார்கள், அவர்களும் அப்படியே. மூன்றாவதாகக் குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். திரும்பிவிடலாம் என்று அவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் நேருக்கு நேர் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் பதிலளித்து, பசுமையான சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவரை உவமையாகக் காட்டினார்கள். கேட்டவரைக் கோழை என்றோ ஈமான் குறைந்தவர் என்றோ சொல்லவில்லை. ஏதோ தேவைக்காக வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் திரும்பி வந்ததும், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம், அங்கிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியைத் தாம் கேட்டிருப்பதாக உடனே எடுத்துரைத்தார்கள். விவாதம் முடிந்தது.

இந்த நிகழ்ச்சியைத் தவக்குலுக்கு எடுத்துக்காட்டாகப் பலமுறை பயானில் கூறியிருக்கிறோம். அதில் நமக்குரிய இடம் எதுவென்று அப்போது தெரியவில்லை. தமக்குத் தெரிந்ததை வந்தவுடனே சொன்னார்கள் அந்த நபித்தோழர். நாமோ வெளியூர்கூடச் செல்லவில்லை. ஐந்து நேரமும் இங்கேயே இருந்தோம்.

மருத்துவமனை ஊழியர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் "போடவில்லை" என்ற செய்தி பரவிய வேகத்தில் "போட்டார்கள்" என்பது பரவவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தனது 10,600 ஊழியர்களைக் கணக்கெடுத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021 ஏப்ரல் முடிவதற்குள் அவர்களுள் 8,991 பேர் ஊசி போட்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர். இரண்டு தவணையும் போட்டவர்களுக்குத் தொற்று வராமல் 65 சதவீதமும், மருத்துவமனையில் சேராமல் 77 சதவீதமும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லாமல் 94 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்தது. அங்கு அக்காலத்தில் கொரோனாவால் இறந்த ஒரே ஊழியர், வேறு நோய்கள் உடையவர், ஊசி போடாதவர். தொற்று அறவே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மறைக்கவும் கூடாது. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக மிக அரிதாக இரத்தம் உறையும் கேடு நேரக்கூடும் என்பதை 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றது. பின்விளைவு பற்றிக் கேட்ட செவிலியர்களை அன்று சிலர் ஏளனம் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் உண்மையின் ஒரு துளி இருந்தது. அந்தத் துளியை முதலிலேயே அளந்து காட்டியிருந்தால் அது கடலாகத் தோன்றியிருக்காது.

மேற்சொன்ன சகோதரி பாலூட்டுவோருக்கு அனுமதி வந்ததும் ஊசி போட்டுக்கொண்டார். அதை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லையாம். அண்மையில் அவருடைய தந்தையார் மூலம் நாம் விசாரித்தபோது, "நான் ஏன் போடவில்லை என்று அப்போது ஹஜ்ரத் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்று சொல்லியனுப்பினார்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மதரஸா கூடத்தில், ஹஜ் பயணிகளுக்கு ஊசி போடும் நாளுக்கு முன்பாக ஒரு விளக்கக் கூட்டம் வைத்திருக்கிறோம். அந்தச் சகோதரி வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண்கள் பகுதியில் அமர்ந்திருப்பார். ஆண்கள் பகுதிக்கு நமது மஹல்லாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவர் வருகிறார். நம்மிடம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரை முன்வரிசையில் அமர்த்தும்படி செயலாளரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஹஜ்ஜுக்குச் செல்லாதவர்களும் வரலாம். கேள்வியோடு வாருங்கள்.

வஸ்ஸலாம்.