மதுரையின் பெயர் தாங்கிய கால்



மனிதரைத் தாக்கும் பூஞ்சைகள், ஒட்டுண்ணிகள் பற்றிப் பேசப் பணித்தார்கள். பட்டியல் ஒப்பித்தால் பாதிப்பேர் உறங்கிவிடுவீர்கள். மதியச் சாப்பாடு வேறு பலம். ஆகவே ஒரே ஒரு காலைப் பற்றிப் பேசுகிறேன்.

1842-இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், வீங்கி உருக்குலைந்து பல துளைகளிலிருந்து சீழ் வடியும் பாதங்களைப் பற்றி எழுதினார். மல்லிகைக்கும் சுங்குடிக்கும் உரிய ஊர்ப்பெயர் நோய்க்கும் ஒட்டிக்கொண்டது: மதுரா கால். பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், 1860-இல் இது பூஞ்சையின் வேலை என்று எழுதி, மைசெட்டோமா என்று பெயரிட்டார். மருத்துவ மாணவர்களுக்கு இவரைத் தெரியும், தெரியாமலே தெரியும். ‘கிரேயின் உடற்கூறு’ நூலுக்கு முதற்பதிப்பில் படம் வரைந்தவர் இவர்தான்.

கார்ட்டர் சொன்னது பாதிதான் சரி. சீழோடு குருணை குருணையாக ஏதோ வெளிவரும். சில கால்களில் அது வெடிமருந்துத் தூள்போலக் கறுப்பு, சிலவற்றில் மீன் சினைபோல வெளுப்பு, சிவப்பும் உண்டு. ஒவ்வொரு குருணையும் ஒரு கிருமிக் குடியிருப்பு. 1913-இல் பினாய் என்ற பிரெஞ்சு அறிஞர் இவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்: ஒன்று உண்மையான பூஞ்சை, மற்றொன்று பூஞ்சைபோல இழைவிட்டு வளரும் பாக்டீரியா. மதுரெல்லா என்ற பூஞ்சையும் ஆக்டினோமதுரா என்ற பாக்டீரியாவும் நம் ஊர்ப்பெயரையே சுமக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. சொல்லப்போனால், பூஞ்சைக்கு அந்தப் பாக்டீரியாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம்.

இந்தச் சொந்தம்தான் சங்கடம். பூஞ்சையின் செல்லில் நம்முடையதைப் போலவே உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் பதம் பார்க்கும். வித்தியாசம் சிலவே: இறால் ஓட்டில் உள்ள கைட்டின் அதன் செல்சுவரில் இருக்கிறது, நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால் என்றால் அதற்கு எர்கோஸ்டெரால். இட்ராகோனசோல் போன்ற மருந்துகள் இந்த எர்கோஸ்டெரால் உருவாவதைத்தான் தடுக்கின்றன. அதுவும் மாதக்கணக்கில் தின்று, கத்தியும் வைத்து, சிலருக்குக் காலையே எடுக்க வேண்டியிருக்கும். கறுப்புக் குருணையில் மெலனின் கலந்த பசை கெட்டிப்பட்டு, மருந்தை உள்ளே விடாது. பாக்டீரியா வகையோ கோட்ரைமாக்சசோல், அமிக்காசின் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பணிந்துவிடும். இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் இந்த வகைதான் அதிகம் என்பது ஓர் ஆறுதல்.

இந்தப் பூஞ்சைக்கு நம்மிடம் வேலையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் வீடு மண். செத்த தாவரத்தின்மேல் நொதியைச் சுரந்து, வெளியிலேயே செரித்து, உறிஞ்சிப் பிழைப்பது அதன் வழக்கம். வெறுங்காலில் முள் தைக்கும்போது தவறி உள்ளே வந்துவிடுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. யானைக்கால் புழுவைப் பாருங்கள், அது நேர்மாறு. மனிதனும் கொசுவும் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. க்யூலெக்ஸ் கொசு இரவில் கடிப்பதால், புழுவின் குஞ்சுகளும் இரவில்தான் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் கதவைத் தட்டி ரத்தம் எடுத்தது அதனால்தான். அந்தப் புழு நம்மை அறிந்து வாழ்கிறது. மதுரெல்லாவுக்கு நாம் யாரென்றே தெரியாது.

மதுரா கால் பெரும்பாலும் வலிக்காது. அதனால் வயல்வேலை நிற்காது, ஆண்டுகள் ஓடிவிடும், கிருமி எலும்புவரை இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-இல்தான். கில் எழுதி 174 ஆண்டுகள் கழித்து!

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, சீழ் கட்டிய துணியைக் கழற்றிக் குப்பையில் போடப் போனேன். ஆய்வகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கையைப் பிடித்தார். “இதைப் போட்டுட்டு அப்புறம் எதைப் பார்க்கப் போறீங்க டாக்டர்?” துணியை உதறினார். கண்ணாடித் தட்டில் நாலைந்து குருணைகள் விழுந்தன. பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தார். பருத்த இழைகள், நடுவே தடுப்புகள், பழுப்பு நிறம். “பூஞ்சை,” என்றார். பாக்டீரியாவின் மெல்லிய இழையாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.