ஒரே விநாடியில் பிறந்த எண்கள்

சி மொழியில் நிரல் எழுதும் இளைஞர்களிடம் இன்று பேச வந்திருக்கிறேன். தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவளுக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பட்ட அவமானம்தான் காரணம்!

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தீபாவளி நிகழ்ச்சியில் நேயர்களுக்குப் பரிசு எண் வழங்கினோம். குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு இலக்க எண் ஒன்று பதிலாக வரும். பரிசளிப்பு நாளில் ஓர் அம்மாவும் ஒரு கல்லூரி மாணவரும் ஒரே எண்ணோடு மேடையேறிவிட்டார்கள். நேரலையில் நான் திணறியதை வீட்டில் இன்னமும் கேலி செய்கிறார்கள்.

நிரல் எழுதிய தம்பி, சி மொழியின் 'ரேண்ட்' கட்டளைக்கு அந்த நேரத்து விநாடியை விதையாகக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு செய்திக்கும் நிரல் புதிதாகத் தொடங்கும். ஒரே விநாடியில் இரண்டு செய்திகள் வந்தால் விதை ஒன்று. விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்றுதானே?

எங்களுக்குப் போனது ஒரு பரிசுக்கூடை. இதே முறையில் வங்கிக் கணக்குக்கு ரகசிய எண் உருவாக்கினால்? ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள்தாம். எண் பிறந்த நாள் தெரிந்தவன் அத்தனை விதைகளையும் கணினியில் போட்டுப் பார்த்துவிடுவான்.

1995-இல் நெட்ஸ்கேப் உலாவியில் நடந்தது ஏறக்குறைய இதுதான். நேரத்தையும் நிரலின் அடையாள எண்களையும் வைத்தே அது ரகசியச் சாவியை உருவாக்கியது. பெர்க்லி மாணவர்கள் இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் இருவரும் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். பூட்டு பெரியது, சாவியை வார்த்த அச்சுதான் சிறியது.

ஆகவே, இயங்குதளத்திடம் கேளுங்கள். விசை தட்டும் இடைவெளி, வட்டு பதில் தரும் நேரம் போன்றவற்றின் நுண்ணிய வேறுபாடுகளை அது ஓயாமல் சேகரித்துக் கலக்குகிறது. லினக்ஸில் இதற்கென 'கெட்ரேண்டம்' அழைப்பு 2014-இல் வந்தது. 2017 முதல் குளிப்சி நூலகத்தின் வழியாகச் சி நிரலிலிருந்து நேரடியாக அழைக்கலாம். விண்டோஸில் 'பிகிரிப்ட்ஜென்ரேண்டம்', மேக்கிலும் ஓபன்பிஎஸ்டியிலும் 'ஆர்க்ஃபோர்ரேண்டம்பஃப்'.

கேட்டதும் கிடைத்துவிட்டது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கெட்ரேண்டம் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள். 16 பைட் கேட்டால் 16 வந்ததா? குறுக்கீட்டால் தடைப்பட்டிருந்தால் மீண்டும் கேளுங்கள். வேறு பிழையென்றால் நிரலை அங்கேயே நிறுத்துங்கள். 'பரவாயில்லை, ரேண்டையே பயன்படுத்துவோம்' என்று சத்தமில்லாமல் பின்வாங்குவது மிகவும் மோசமானது. யாருக்கும் தெரியாமலே ஓட்டை விழுந்துவிடும்.

இன்னொன்று, தம்பி எனக்குப் பொறுமையாக விளக்கியது. ஒரு பைட் 0 முதல் 255 வரை. அதைப் பத்தால் வகுத்து மீதியை இலக்கமாக எடுத்தால் 0 முதல் 5 வரை 26 வாய்ப்பு, 6 முதல் 9 வரை 25 வாய்ப்புதான். 250-க்கு மேல் வந்தாலும் 250 வந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பைட் கேட்க வேண்டுமாம்.

அன்று இருவருக்கும் கூடை கொடுத்தோம். இரண்டாவது கூடைக்குத் தயாரிப்பாளர் தம் கைக்காசைப் போட்டார். தம்பி அன்றிரவே அந்த வரியை மாற்றினார்.