தேகாப்பியாசமும் தேக நிறையும்



தெல்லிப்பழை வீதிகளில் விடியற்காலையில் விரைந்து நடப்போரும், மாலையில் மைதானத்தில் ஓடுவோரும் உளர். சில மாதங்களின் பின் அவருட் சிலர் நின்றுவிடுகின்றனர். "எவ்வளவு நடந்தும் நிறை குறையவில்லையே" என்பது அவர் கூறும் காரணம்.

இதற்கு விடை கணக்கிலே உண்டு. ஒரு கிலோமீற்றர் நடக்கச் செலவாகும் சக்தி ஏறக்குறைய 50 கலோரி. மூன்று தேக்கரண்டி சீனி இட்ட தேநீர் அதனை மீட்டுத் தந்துவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்பிலோ ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியுள்ளது. நடையை மட்டும் நம்பினால் அதனைக் கரைக்க 150 கிலோமீற்றருக்கு மேல் நடத்தல் வேண்டும்.

அன்றியும், உடல் சிக்கனம் அறிந்தது. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை ஹேர்மன் பொன்சர் முதலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2012 இல் முடிவை வெளியிட்டனர். நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கும் அம்மக்கள் செலவிடும் சக்தி, உடலளவுக்கேற்ப நோக்கின், மேல்நாட்டார் செலவிடுவதிலும் அதிகமன்று.

அப்படியாயின் தேகாப்பியாசம் வீணோ? இல்லை. நிறை குறையாவிடினும் இரத்த அமுக்கம் தணிகிறது, தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை நன்கு ஏற்கின்றன, இதயம் வலுப்பெறுகிறது. நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இது சிறு பேறன்று. வளர்ந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற பயிற்சி செய்ய வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் விதந்துரைத்தது.

ஆதலால் நிறையைக் குறைக்க விரும்புவோர் சோற்றுக் கோப்பையையும் சீனிப் போத்தலையும் கவனியுங்கள். இளைஞர்களே, மைதானத்தை விடாதீர்கள். பெரியோர்களே, தராசு அசையவில்லையென நடையை நிறுத்தாதீர்கள்.