பனியின்மேல் ஓடுகிறவர்களும் நம் ஊர்க் குளிரும்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் உங்களில் பலர் சிரித்திருப்பீர்கள். மார்கழியிலும் மின்விசிறியை நிறுத்தாத திருநெல்வேலியில் பனி ஓட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டிருப்பீர்கள். அப்போஸ்தலனாகிய பவுல் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி எழுதியதை வைத்து ஒரு பிரசங்கம் வரப்போகிறது என்று சிலர் எதிர்பார்த்திருக்கவும் கூடும். அதற்குப் போதகர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வைத்தியம் பார்க்கிறவர்கள். ஆகவே கால், நுரையீரல், இருதயம் ஆகியவற்றைப் பற்றியே பேசப் போகிறோம்.

காரணம் இதுதான். சில காலத்துக்கு முன் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். இருவரும் பாளையங்கோட்டையில் தினமும் அதிகாலையில் ஓடிப் பழகியவர்கள். லடாக்கில் குளிர்காலத்தில் நடக்கும் நீண்ட ஓட்டம் ஒன்றில் சேர அவர்களுக்கு மருத்துவச் சான்று வேண்டும். ஒரு கையெழுத்துதானே என்று நினைத்து வந்திருந்தார்கள். நாங்களோ அந்தக் கையெழுத்துக்காகச் சில நாட்கள் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

முதலில் அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறோம். 2023 பிப்ரவரி 20ஆம் தேதி லடாக்கின் பாங்காங் ஏரியில் 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடந்தது. ஏரிக்கரையில் அல்ல, உறைந்த ஏரியின் மேலேயே! லுகுங் என்ற இடத்தில் தொடங்கி மான் என்ற கிராமத்தில் முடிந்தது. 75 பேர் ஓடினார்கள். 13,862 அடி உயரத்தில் உறைந்த ஏரியின்மேல் நடந்த அரை மாரத்தான் என்று கின்னஸ் புத்தகத்தில் அது பதிவாயிற்று. அதற்குக் 'கடைசி ஓட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இமயத்துப் பனி உருகிக்கொண்டே போனால் இப்படி ஓட இடமே இருக்காது என்று உலகத்துக்குச் சொல்வதற்காக வைத்த பெயர் அது. பாங்காங் சற்று உப்புத்தன்மை உள்ள ஏரி. நீளம் சுமார் 134 கிலோமீட்டர். பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் இருக்கிறது. உப்பு இருந்தும் அது கெட்டியாக உறைகிறது என்றால் அங்குள்ள குளிரை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதே லடாக்கில் கர்துங் லா கணவாயைக் கடந்து லே நகருக்கு இறங்கும் 72 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. அது செப்டம்பரில் நடந்துவந்தது. நள்ளிரவு கடந்து கும்மிருட்டில் புறப்படுவார்கள். குளிர் அங்கே செப்டம்பரிலேயே வந்துவிடுகிறது.

பனிமலை நமக்கு முற்றிலும் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி இறந்த மதராஸ் ரெஜிமெண்டின் 10 வீரர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு இங்கே ஜெபத்தோடு காத்திருக்கும் பெற்றோர் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். லே, கார்கில் என்ற பெயர்கள் உங்களுக்குப் புதியவை அல்ல.

இனி குளிர் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ள லடாக் போக வேண்டியதில்லை, குற்றாலம் போதும். சாரல் காலத்தில் அருவியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வெளியே வரும் பிள்ளையைப் பாருங்கள். உதடு நீலம், பல் கிட்டுகிறது, விரல்கள் சுருங்கிச் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. அன்றைக்கு வெயில் 27 அல்லது 28 டிகிரி இருந்திருக்கும். அப்படியானால் ஏன் நடுங்குகிறது? ஈரமும் காற்றும் சேர்ந்ததால்தான். ஒரே வெப்பநிலையில் உள்ள காற்றைவிடத் தண்ணீர் உடம்பின் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். காற்று வீசினால் தோலை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான படலம் பறந்துபோகிறது. உறைநிலைக்கு 10 டிகிரி கீழே, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது உறைநிலைக்கு 21 டிகிரி கீழே உள்ளதைப்போல இருக்கும்.

மனித உடம்பின் உள்சூடு 37 டிகிரி. அது 35க்குக் கீழே போனால் 'ஹைப்போதெர்மியா' என்கிறோம். முதலில் பலத்த நடுக்கம் வரும். நடுக்கம் நல்லது, தசைகள் சூடு உண்டாக்குகின்றன என்று அர்த்தம். பிறகு பேச்சுக் குழறும், நடை தடுமாறும், ஓடுகிறவர் கோபப்படுவார் அல்லது ஒன்றுமில்லை என்று சிரிப்பார். 32 டிகிரிக்குக் கீழே நடுக்கமே நின்றுபோகலாம். நடுக்கம் நின்றுவிட்டதே என்று கூட இருப்பவர்கள் ஆறுதல் அடைவதுண்டு. உண்மையில் அதுதான் பயப்பட வேண்டிய நேரம். சிலர் அந்தக் கட்டத்தில் உடம்பு எரிகிறது என்று உடைகளைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். 28 டிகிரியை நெருங்கும்போது இருதயம் தாளம் தவறி நின்றுபோகக் கூடும்.

ஓட்டக்காரருக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. ஓடும்வரை உடம்பு அடுப்புபோல எரிகிறது. வியர்க்கிறது. களைத்தோ கால் பிசகியோ நடக்கத் தொடங்கியதும் அடுப்பு அணைகிறது, வியர்வையில் நனைந்த துணி மட்டும் மிஞ்சுகிறது. இங்கேதான் நம் பருத்தி காலை வாருகிறது. நம் கரிசல் மண்ணின் பிள்ளையான பருத்தி இந்த ஊர் வெயிலுக்கு வரப்பிரசாதம். பனியில் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளைக் குளிரவைக்கும். அங்கே உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் சூடு தாங்கும் உடை, வெளியே காற்றுப் புகாத சட்டை என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். புறப்படும்போது கொஞ்சம் குளிரட்டும் என்று விட்டுவிட வேண்டும். முதலிலேயே சூடாக இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வியர்வையில் ஊறிவிடுவார்கள்.

இதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு துயரச் சம்பவம் இருக்கிறது. அந்த வாலிபர்களிடமும் இதைத்தான் முதலில் சொன்னோம். 2021 மே 22ஆம் தேதி சீனாவில் கான்சு மாகாணத்தின் பையின் பகுதியில், மஞ்சள் ஆற்றங்கரையை அடுத்த மலைகளில் 100 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. 172 பேர் புறப்பட்டார்கள். கோடைக்கு முந்தின மாதம் அல்லவா? பலர் அரைக்கால்சட்டையும் மெல்லிய பனியனுமாக இருந்தார்கள். காற்றுத் தடுக்கும் சட்டை கட்டாயமாக்கப்படவில்லை. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தாண்டி, வாகனம் ஏற முடியாத செங்குத்தான மலைச்சரிவில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது வானிலை மாறியது. ஆலங்கட்டி, உறைமழை, ஆளைத் தள்ளும் காற்று எல்லாம் சேர்ந்து வந்தன. அந்தப் பகுதியில் ஒதுங்க இடமில்லை, வெந்நீரும் இல்லை. 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் லியாங் ஜிங் என்பவர் சீனாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர். மற்றொருவர் ஹுவாங் குவான்ஜுன், செவித்திறன் இல்லாத மாரத்தான் வீரர்.

இறந்தவர்களில் திறமைசாலிகள் இருந்ததைக் கவனியுங்கள். வேகமாக ஓடியவர்களே மலையின் உச்சிப்பகுதியில் முதலில் போய்ச் சிக்கிக்கொண்டார்கள். பின்தங்கியிருந்த பலர் திரும்பி இறங்கிப் பிழைத்தார்கள்.

அந்த மலையில் ஷு கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர் மழைக்குக் குகை ஒன்றில் ஒதுங்கியிருந்தார். அவசரத்துக்கு வேண்டுமென்று உடையும் உணவும் போர்வையும் அங்கே முன்பே வைத்திருந்தார். வெளியே தடுமாறிக்கொண்டிருந்த ஒருவரை உள்ளே கொண்டுவந்து, ஈர உடையைக் கழற்றி, போர்வை போர்த்தி, தீ மூட்டினார். அவர் கையால் 6 பேர் உயிர் பிழைத்தார்கள். இன்னும் சிலரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அவர் பிறகு வருந்தினாராம். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் அந்த நேரத்தில் அவர் செய்ததைவிட மேலாக எதையும் செய்திருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். இந்த விபத்துக்குப் பிறகு சீன அரசு இத்தகைய மலைப்பாதை ஓட்டங்களை நிறுத்திவைத்தது. பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

இனி நம் வாலிபர்கள். மூத்தவரைச் சோதித்ததில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு உயரத்தைப் பற்றித்தான் அதிகம் சொன்னோம். பாங்காங்கின் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கி மறுநாளே ஓடக்கூடாது. உடம்பு பழக நாட்கள் வேண்டும். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக்கூடாது. ஓய்விலும் மூச்சுத் திணறினால் உடனே கீழே இறங்க வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் மேற்பரப்பிலிருந்து உறைவதால் புட்டியைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் வாய் அடைக்காது. இந்தத் தந்திரத்தை அவரே படித்து வைத்திருந்தார்!

இளையவர் விஷயம் அப்படி இல்லை. நெஞ்சில் குழாயை வைத்தபோது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. விசாரித்ததில், சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு, மருந்தை உறிஞ்சுவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது என்றார். குளிர்ந்த வறண்ட காற்றை வாய்வழியாக வேகமாக இழுத்தால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். அதுவும் அந்த உயரத்தில், ஆஸ்பத்திரி வெகு தூரத்தில். இந்த வருஷம் சான்று தர முடியாது என்றோம்.

"ஒரு வருஷமா கடையில நின்னு சேத்த காசு, டாக்டர். இவன் போவான், நான் மட்டும் ஊர்ல கெடக்கணுமா?" என்றார். கண் கலங்கிவிட்டது. எங்கள் மூத்த சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, மருந்த ஒழுங்கா எடு. நெஞ்சு சுத்தமாகட்டும். அடுத்த வருஷம் நானே கையெழுத்து வாங்கித் தாரேன்" என்றார். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். வேறெங்காவது போய்ச் சான்று வாங்கிவிடுவாரோ என்று எங்களுக்கு உள்ளூரப் பயம்தான். இரண்டு வாரம் கழித்து மருந்துச் சீட்டோடு வந்து வரிசையில் நின்றார். மூத்தவரும் தன் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். அப்படிச் செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை.

கடைசியாக, குளிரில் அகப்பட்டவருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். காற்றிலிருந்து மறைவான இடத்துக்குக் கொண்டுபோங்கள். முதலில் ஈரத்துணியைக் கழற்றுங்கள். உலர்ந்த துணியால் துடைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். தரையிலிருந்தும் குளிர் ஏறும், ஆகையால் கீழேயும் விரிப்பு வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் இனிப்புக் கலந்த சூடான பானம் கொடுங்கள். மதுபானம் வேண்டாம், அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். மரத்து வெளுத்த விரலை நெருப்பில் காட்டவும் வேண்டாம், உணர்ச்சி இல்லாத தோல் கருகிப்போகும். மூச்சு இல்லையே என்று சீக்கிரத்தில் கைவிடவும் வேண்டாம். 1999இல் நார்வே நாட்டில் அன்னா போகன்ஹோம் என்ற பெண் மருத்துவர் பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். உள்சூடு 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது. ட்ரோம்சோ ஆஸ்பத்திரியில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கிச் செலுத்திப் பிழைக்கவைத்தார்கள். பிறகு அவர் தம் மருத்துவ வேலைக்கே திரும்பினார்.

இது நமக்கு எதற்கு என்று இன்னும் யாராவது கேட்டால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் நடுவழியில் நின்றார்கள். மொட்டை மாடிகளில் நனைந்த சேலையோடும் வேட்டியோடும் இராமுழுவதும் முதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பசி, ஈரம், காற்று, வயது ஆகிய நான்கும் சேர்ந்தால் 22 டிகிரியிலும் உடம்பு குளிர்ந்துபோகும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு மழைகூட வேண்டாம். துடைக்காமல் மின்விசிறிக்குக் கீழே சில நிமிடம் கிடத்தினாலே போதும். ஆகையால்தான் எங்கள் பிரசவ அறையில் குழந்தையைத் துடைத்ததும் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் சேர்த்து வைத்து, தலைக்குக் குல்லாய் போடுகிறோம்.

அடுத்த மழைக்கு முன் வீட்டில் ஓர் உயரமான அலமாரியில் இரண்டு கம்பளி, ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு, உலர்ந்த மாற்றுத்துணி, கொஞ்சம் கருப்பட்டி ஆகியவற்றைக் கட்டி வையுங்கள். அந்த ஆடு மேய்ப்பவரின் குகையில் இருந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால், தேநீர் வரும் முன்னே கேட்டுவிடுங்கள்.