வெளியே சொல்லாத நோய்



இந்த இலக்கியத் தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும், சிலர் சிரிக்கக்கூடும். மலச்சிக்கல் என்பதே அந்தப் பொருள். இலக்கியத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. ஆகவே இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்பன அவை. சபையிலே சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வருகிறேன்' என்பது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த உதாரணம். எங்கள் புங்குடுதீவிலே 'வெளிக்குப் போதல்' என்பார்கள். வீட்டுக்கு வெளியே, பனங்கூடலுக்குள் போன காலத்திலே பிறந்த சொல் அது. இன்று வீட்டுக்குள்ளேயே மலசலகூடம் இருந்தாலும் சொல் மாறவில்லை.

தொல்காப்பியரும் இதனை விதித்திருக்கிறார். ஆனால் ஒரு விலக்கும் தந்திருக்கிறார். நெடுங்காலம் வழங்கிப் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்பது அந்த விலக்கு. உரையாசிரியர்கள் அதற்கு ஆட்டுப் பிழுக்கை, யானை இலண்டம் போன்றவற்றை எடுத்துக்காட்டினார்கள். விலங்குகளின் கழிவுக்கு மறைப்பு வேண்டாம், மனிதருடையதற்கே வேண்டும் என்று ஆயிற்று. இந்த ஆட்டுப் பிழுக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் பிறகு வருவேன்.

சபைக்கு இந்த நாகரிகம் அழகு. வைத்தியரின் அறைக்குள்ளும் அதனைக் கொண்டுபோகும்போதுதான் ஆபத்து வருகிறது. வயிறு சரியில்லை, பசி இல்லை, சாப்பாடு செமிக்குதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறவர்கள் நம்மில் ஏராளம். வைத்தியரும் கேட்டதற்கேற்ற குளிசையை எழுதித் தருகிறார். நோய் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

சொல்லக் கூசாத பெரியவர்களும் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் 1521ஆம் ஆண்டிலே வார்ட்பூர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தார். அங்கே இருந்தபோது இந்த நோய் அவரை வாட்டியது. அவர் அதனை நண்பர்களான மெலாங்தனுக்கும் ஸ்பலாட்டினுக்கும் எழுதிய கடிதங்களிலே ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஸ்பலாட்டின் மாத்திரை அனுப்பிவைத்தார். அந்த ஆண்டின் முடிவில் அதே கோட்டையிலிருந்துதான் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்கு ஆக்கத் தொடங்கினார். ஒரு மொழியின் உரைநடையை உருவாக்கிய கை, தன் வயிற்றுத் துன்பத்தையும் எழுதத் தயங்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் காந்தியடிகள். 1927 நவம்பரில் அவர் யாழ்ப்பாணம் வந்தபோது அவருடைய சுயசரிதை 'நவஜீவன்' இதழிலே தொடராக வந்துகொண்டிருந்தது. அதிலே, தென்னாபிரிக்காவில் இருந்த காலத்தில் தம்மைத் தலைவலியும் மலச்சிக்கலும் வருத்தியதை அவர் எழுதியிருக்கிறார். காலைச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தார். தலைவலி போயிற்று, சிக்கல் போகவில்லை. கூனே என்பவரின் நீர்ச்சிகிச்சை சிறிது சுகம் தந்தது. பின்னர் அடோல்ஃப் ஜுஸ்ட் என்ற ஜெர்மானியரின் நூலைப் படித்து, ஈரமண்ணைத் துணியிலே பரப்பி வயிற்றில் கட்டினார். அதிலே குணம் கண்டதாகச் சொன்னார். மண்கட்டை நீங்களும் கட்டுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஒன்று பலிக்காதபோது இன்னொன்றைத் தேடியதும், தேடியதை நாடறியச் சொன்னதும் தான் இங்கே கவனிக்க வேண்டியவை.

நேயர்களே, நானும் இந்த நோயோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறவன். அது எனக்கு எப்போது வந்தது என்று நன்றாகத் தெரியும். 1991ஆம் ஆண்டு தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. குடாநாட்டிலே ஒரு பாடசாலையில் தங்கினோம். ஒவ்வொரு வகுப்பறையிலும் பல குடும்பங்கள். மலசலகூடத்து வாசலிலே விடியற்புறம் நான்கு மணிக்கே வரிசை. பின்னால் நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். அடக்கிக்கொள்ளுவதே சுகம் என்று பிள்ளைகள் நாங்கள் பழகிக்கொண்டோம். என் அக்காமார் இருட்டும் வரைக்கும் அடக்குவார்கள். அதற்காகவே பகலிலே தண்ணீர் குடியாமல் இருப்பார்கள்.

அடக்கும்போது உடம்பிலே நடப்பது இதுதான். மலக்குடல் நிறைந்ததும் உணர்ச்சி வருகிறது. நாம் அடக்கினால் அந்த உணர்ச்சி தணிந்துவிடும். ஆனால் பெருங்குடல் தன் வேலையை விடுவதில்லை. அங்கே தங்கியதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீர் வற்ற வற்ற மலம் இறுகும். இறுகியது வெளியேறும்போது நோகும். நோவுக்குப் பயந்து மறுநாளும் அடக்குவோம். சங்கிலி இப்படித்தான் பின்னப்படுகிறது. நாளடைவில் உணர்ச்சியே மங்கிப்போகும்.

நமது சித்த மருத்துவத்துக்கு இது புதிய செய்தி அன்று. அடக்கத் தகாத வேகங்கள் பதினான்கு என்று அது எண்ணி வைத்திருக்கிறது. தும்மல், கொட்டாவி, கண்ணீர் என்பவற்றோடு மலமும் சலமும் அந்தப் பட்டியலிலே உள்ளன. கீழ்நோக்கிச் செல்லும் வாயுவுக்கு அபானன் என்று பெயரிட்டு, அதன் வழியை மறித்தால் உடல் முழுவதும் கெடும் என்றார்கள். திருவள்ளுவரின் 'மருந்து' அதிகாரத்தைப் பாருங்கள். பத்துக் குறளில் ஆறு, உண்பதைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது அற்றதை அறிந்து பின் உண் என்பதே அவற்றின் சாரம். மருந்துக் கடையைத் தேட முன்னர் அடுப்படியைப் பார் என்கிறார் வள்ளுவர்.

எங்கள் அடுப்படி ஒரு காலத்தில் நன்றாகவே இருந்தது. ஒடியற் கூழ், குரக்கன் பிட்டு, பனங்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் நார் நிறைந்தவை. உகண்டாவிலே பணியாற்றிய டெனிஸ் பேர்கிற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1972இலே தம் நண்பர்களோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆபிரிக்கக் கிராமத்தவர் உண்டது ஏறத்தாழ ஒன்றரை நாளில் வெளியேறியது. இங்கிலாந்திலே தீட்டிய மாவுணவை உண்டவர்களுக்கு மூன்று நாளுக்கு மேல் எடுத்தது. நார்ச்சத்தின் அருமை உலகுக்குத் தெரிய அந்த ஆய்வு பெரிதும் உதவியது. நாங்கள் குரக்கனை விட்டுப் பாணுக்கு வந்தவர்கள். நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஆனால் நார் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். தீவிலே தண்ணீரின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உவர்நீர்க் கிணறுகளுக்கு நடுவே நன்னீர்க் கிணறு ஒன்று இருந்தால் ஊரே அதை நம்பி வாழும். அந்த நன்னீரை எல்லாச் சாதியாரும் அள்ள வேண்டும் என்று 1971இலே போராடி அடிபட்டவர், எங்கள் ஊர் எழுத்தாளர் மு. தளையசிங்கம். 1973இலே, நாற்பது வயதை எட்டுமுன் அவர் மறைந்தார். ஒரு குவளை நன்னீர் என்பது எங்கள் ஊரிலே உடல்நலமும்தான், நீதியும்தான்.

இனிச் சிகிச்சைக்கு வருகிறேன். அம்மா ஆமணக்கெண்ணெய் பருக்கினார். பரியாரியார் கடுக்காயும் நிலாவாரையும் சேர்ந்த சூரணம் தந்தார். பேதி குடித்த அன்று வயிறு வெறுமையாகும். நாலாம் நாள் பழைய நிலைதான். வளர்ந்த பிறகு பாமசிக் குளிசைகள். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. ஒரு வைத்தியர் தலை நிமிராமலே, "தண்ணி நிறையக் குடியும், வாழைப்பழம் சாப்பிடும்" என்றார். இரண்டையும் நான் ஆண்டுக்கணக்காகச் செய்துகொண்டுதான் இருந்தேன்.

கடைசியிலே ஒருவர் கேள்வி கேட்டார். கிழமைக்கு எத்தனை தரம்? எவ்வளவு நேரம் முக்க வேண்டியிருக்கிறது? முழுவதும் போகவில்லை என்ற உணர்ச்சி இருக்கிறதா? இரத்தம் போகிறதா? உடம்பு மெலிகிறதா? வேறு என்ன மருந்து எடுக்கிறீர்? இப்படிக் கேட்டுவிட்டு ஒரு படத்தை நீட்டினார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் லூயிசும் ஹீற்றனும் 1997இலே வெளியிட்ட அட்டவணை அது. மலத்தின் தோற்றம் ஏழு வகையாக அதிலே வரையப்பட்டிருக்கிறது. "சொல்ல வெட்கமெண்டால் விரலாலை காட்டுங்கோ மாஸ்ரர்" என்றார். நான் முதலாவது படத்தைத் தொட்டேன். "ஓ, ஆட்டுப் புழுக்கை" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க வேண்டியதில்லை என்று நம் உரையாசிரியர்கள் விட்டுவைத்த அதே சொல், எத்தனையோ நூற்றாண்டு கழித்து என் நோயைச் சொல்ல உதவிற்று. அந்தப் படமும் ஒருவகை இடக்கரடக்கல்தான். ஆனால் அது நோயை மறைக்கவில்லை. கூச்சத்தை மட்டும் மறைத்தது.

பரிசோதித்த பின்னர் அவர் விளக்கினார். வெளியேற்ற முயலும்போது இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர வேண்டும். சிலருக்கு அவை மாறாக இறுகும். கதவைப் பூட்டிவிட்டுத் தள்ளுவது போன்றது. நீண்டகாலம் அடக்கிப் பழகியவர்களிடம் இது காணப்படுவதுண்டு. இவர்களுக்கு நாரை மட்டும் கூட்டினால் வயிறு ஊதுமே தவிரச் சிக்கல் தீராது. தசையைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சிதான் இதற்கு முதன்மையான சிகிச்சை.

எனக்கு அவர் வகுத்த முறை எளியது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணிக்குள், உணர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும், போய் இருக்க வேண்டும். உணவு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அது. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கொமட்டில் இருப்பவர் காலுக்குக் கீழே சிறு பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க, முன்னே சாய வேண்டும். குந்தி இருந்த நம் முன்னோரின் நிலைக்கு அது கிட்ட வரும். மூச்சை அடக்கி முக்காமல் வயிற்றால் மூச்சுவிடப் பழகவேண்டும். இவற்றோடு, குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும் லக்ருலோஸ் பாணி. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பல மாதங்கள் சென்றன. இப்போது என் காலைப்பொழுது எனக்குப் பயமில்லாமல் விடிகிறது. இந்த நோயுள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

சிலவற்றை நேயர்கள் குறித்துக்கொள்வது நல்லது. நாள்தோறும் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளுக்கு மூன்று தரத்திலிருந்து கிழமைக்கு மூன்று தரம் வரை இயல்புதான். தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, பாக்கின்சன் நோய் ஆகியவற்றாலும் சிக்கல் வரும். கடுமையான நோமருந்துகளும் சில பிரஷர் மருந்துகளும் இரும்புச்சத்துக் குளிசைகளும் வயிற்றை இறுக்கும். கர்ப்பிணிப் பெண்கள் சிலர் அதனாலேயே இரும்புக் குளிசையைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், அதற்கு வழி உண்டு. மலத்தோடு இரத்தம் போனாலும், காரணமின்றி உடம்பு மெலிந்தாலும், இரத்தசோகை வந்தாலும், ஐம்பது வயதுக்கு மேலே பழக்கம் திடீரென மாறினாலும் பேதி மருந்தை நாடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடலிலே புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வேளை அது.

1847இலே மசாச்சுசெற்சிலிருந்து இங்கு வந்து மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், 1864 முதல் தம் மாணாக்கர்க்குத் தமிழிலேயே பாடம் சொன்னார். மருத்துவ நூல்களையும் தமிழிலே ஆக்கினார். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் தொழிலுக்கும் தமிழிலே சொல் தேடிய பெருமை அவருக்கும் அவருடைய மாணாக்கருக்கும் உரியது. அவர்கள் தேடித்தந்த சொற்களை நோயாளிகளாகிய நாங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு.

நான் பாடம் எடுக்கும் வகுப்பிலே ஒரு பிள்ளை எழுந்து, "சேர், வெளியிலை போகட்டோ?" என்று கேட்டால், பாடம் எந்த இடத்தில் இருந்தாலும் போகவிடுகிறேன். இருந்தாலும், போன பிள்ளை அங்கே தண்ணீரில்லாமலோ கதவுக்குக் கொக்கியில்லாமலோ திரும்பி வந்தால் என் அனுமதியால் என்ன பயன்? காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, பின்னேரம் வீடு போகும்வரை ஒரு மிடறு தண்ணீரும் குடியாமல் இருக்கும் பெண்பிள்ளைகள் இன்றும் நம் பாடசாலைகளிலே இருக்கிறார்கள். அகதி வாழ்வு எங்களுக்குப் பழக்கியதை, போர் ஓய்ந்த நாட்டிலே பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் பழக்கிக்கொண்டிருக்கிறோம். பழைய மாணவர் சங்கங்கள் மண்டபமும் கோபுரமும் கட்டுகின்றன. அடுத்த முறை பணம் சேர்க்கும்போது, கதவு பூட்டக்கூடிய, தண்ணீர் வரும் மலசலகூடம் இரண்டையும் கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள்.