எத்தனை குதிரைத்திறன் அல்ல, எத்தனை கிலோ?

ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்சு எழுந்தாலே எத்தனை குதிரைத்திறன் என்றுதான் முதலில் கேட்போம். எத்தனை கிலோ என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இரண்டாவது கேள்வியை நான்கு தலைமுறைகளாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது ஜப்பானின் ஹிரோஷிமாவில் தயாராகும் ஒரு சின்ன கார். பெயர் மாஸ்டா எம்.எக்ஸ்-5. இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் துணிக்கூரை, என்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரங்களில்.

1960-களில் பிரிட்டனிலும் இத்தாலியிலும் இப்படிப்பட்ட கார்கள் நிறைய ஓடின. ஓட்ட அருமையானவை, ஆனால் கூரை ஒழுகும், எண்ணெய் கசியும். 1980-களில் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. அந்த வெற்றிடத்தை நிரப்ப, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதல் எம்.எக்ஸ்-5 வந்தது. தலைமைப் பொறியாளர் தோஷிஹிக்கோ ஹிராய். 1.6 லிட்டர் என்ஜின், ஏறத்தாழ 115 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒன்பது விநாடி போல ஆகும். அன்றைய கணக்கிலும் இது பெரிய வேகம் இல்லை. ஆனால் ஜப்பானில் விற்ற அடிப்படை மாடலின் எடை வெறும் 940 கிலோ!

எடை குறைந்தால் என்ன நடக்கிறது? வளைவில் திரும்பும்போது காரைப் பாதையில் பிடித்து வைப்பது டயர்தான். கார் லேசாக இருந்தால் டயருக்குப் பாரம் குறைவு. 185 மில்லிமீட்டர் அகலமே போதுமானதாக இருந்தது. டயர் ஒடுக்கமானது என்பதால் ஸ்டியரிங் லேசாகத் திரும்பும், சாலையின் மேடுபள்ளம் கைக்குத் தெரியும். பிடி நழுவும்போதும் திடீரென்று நழுவாது. முன்கூட்டியே சொல்லிவிட்டு, மெதுவாகத்தான் நழுவும். சாதாரண ஓட்டுநர் சாதாரணச் சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே காரின் முழு ருசியையும் அறியலாம். இன்னொன்றும் செய்தார்கள். கியர்பெட்டியையும் பின்பக்க டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்த கணமே பின்சக்கரம் பதில் சொல்வது அதனால்தான். அந்தச் சட்டம் இன்றைய கார் வரை தொடர்கிறது.

1998-இல் வந்த இரண்டாம் தலைமுறை, முதலாவதன் நேர் வாரிசு. எழுந்து மடங்கும் முகப்பு விளக்குகள் போய்விட்டன, பின்புற பிளாஸ்டிக் ஜன்னல் கண்ணாடியானது, உடற்கூடு உறுதியானது. குணம் அப்படியே இருந்தது.

மாற்றம் 2005-இல் வந்தது. மூன்றாம் தலைமுறைக்கு 2 லிட்டர் என்ஜின், 160 குதிரைத்திறன். நூறைத் தொட எட்டு விநாடிகூடத் தேவையில்லை. காகிதத்தில் பார்த்தால் முந்தைய இரண்டையும் வென்ற கார். ஆனால் உடல் பெருத்து, எடை 1100 கிலோவைத் தொட்டது. வளைவில் சாய்கிறது, இருக்கை உயரத்தில் இருக்கிறது என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயமானதே. ஆனால் பொறியாளர்களைப் பழிப்பது நியாயமில்லை. மோதல் பாதுகாப்பு விதிகள் கடுமையான காலம் அது. தகாவோ கிஜிமாவின் குழு, ஓட்டுநருக்கு மேலே மாட்டிய பின்பார்வைக் கண்ணாடியில்கூட கிராம் கணக்கில் எடையைச் செதுக்கியது. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் கார் இன்னும் பாரமாகியிருக்கும்.

அதே பிடிவாதம் 2015-இல் முழுதாகப் பலித்தது. நொபுஹிரோ யமமோட்டோ தலைமையில் வந்த நான்காம் தலைமுறை, நீளத்தில் முதல் காரைவிடவும் குட்டை. ஜப்பானின் அடிப்படை மாடல் 990 கிலோ. பானெட்டும் டிக்கிக் கதவும் அலுமினியம்; சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்த இடத்தில் நான்கு. காற்றுப்பைகளும் மின்னணுக் கருவிகளும் ஏறிய பிறகும், கால் நூற்றாண்டுக்கு முந்தைய காரைவிட ஐம்பது கிலோதான் கூடுதல்! இதை நான் பெரிய சாதனை என்றே சொல்வேன். 2018-இல் 2 லிட்டர் என்ஜினைத் திருத்தி 184 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். நூறைத் தொட ஆறரை விநாடி. பின்னர், வளைவில் உட்புறப் பின்சக்கரத்தை மட்டும் லேசாக பிரேக் பிடித்துக் காரை நிலைப்படுத்தும் ஏற்பாடும் வந்தது. அதற்காகப் புதிதாக ஒரு பாகம்கூடச் சேர்க்கவில்லை. இருக்கிற பிரேக்கையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

இழப்பும் ஒன்று உண்டு. நான்காம் தலைமுறையின் ஸ்டியரிங் மின்விசையில் இயங்குகிறது. துல்லியமானதுதான்; ஆனால் பவர் ஸ்டியரிங்கே இல்லாமல் வந்த முதல் தலைமுறைக் கார்கள் கைக்குச் சொன்ன அளவு இது சொல்வதில்லை.

நான்கில் எது சிறந்தது என்று கேட்டால் என் தீர்ப்பு இது: ஸ்டியரிங்குக்கு முதல் தலைமுறை, மற்ற எல்லாவற்றுக்கும் நான்காவது. அதிலும் 184 குதிரைத்திறன் காரை அல்ல, 1.5 லிட்டர் என்ஜின் பூட்டிய 990 கிலோ காரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.