சிறுவர் கையிற் கைப்பேசியும் பெற்றோர் கடமையும்

(நமது சங்கத்தின் கல்விப் பரிசளிப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரிசு பெற்ற பிள்ளைகளின் முகங்களைக் கண்டு யாவரும் மகிழ்ந்திருக்கும் இவ்வேளையில், சற்றுக் கசப்பான விஷயமொன்றைப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்திருக்கின்றார்கள். கைப்பேசியைக் குறித்து நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் பூசலை யாவரும் அறிவீர்கள். "அதைக் கீழே வை" என்பது தாயின் முறையீடு. "இன்னும் ஐந்தே நிமிஷம்" என்பது பிள்ளையின் விடை. அவ்வைந்து நிமிஷம் ஒருநாளேனும் முடிவுற்றதாகக் கேள்வியில்லை. முதற்கண் இக்கால அளவைப் பற்றிச் சிறிது கூறி, பின்னர் அதனினும் பெரியதோர் அபாயத்துக்கு வருகின்றேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், ஒரு வயது நிரம்பாத மகவுக்குத் திரை அறவே கூடாதென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாதென்றும், அதனினுங் குறைதல் நன்றென்றும் கூறப்பட்டுள்ளது. நம் வீடுகளிலோ நிலாக் காட்டிச் சோறூட்டிய வழக்கம் ஒழிந்து, யூடியூப் காட்டி ஊட்டும் வழக்கம் வேரூன்றிவிட்டது. வாயில் விழுவது பருப்புச் சோறோ ரசச் சோறோ குழந்தை அறியாது. வயிறு நிறைந்ததையும் அறியாது. இப்பழக்கத்தைக் குழந்தை தானே தேடிக் கொண்டதன்று. கையிற் கொடுத்தவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களே.

வளர்ந்த பிள்ளைகளுக்கு மனவுறுதி இல்லையென்று வைவதும் முழு நியாயமாகாது. புத்தகத்துக்கு அத்தியாயம் முடியும் இடமுண்டு. திரைப்படத்துக்கு 'வணக்கம்' உண்டு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் பக்கத்துக்கோ முடிவென்பதே கிடையாது. இவ்வமைப்பை 2006-இல் வகுத்தவர் ஏஸா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். அது மாந்தரின் காலத்தை விழுங்குவது கண்டு பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார். ஆக்கியவரே வருந்தும் பொறியினை எதிர்த்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்னந்தனியே நின்று வெல்ல வேண்டுமென்று எதிர்பார்த்தல் தகுமோ? பொறியில் இல்லாத முடிவிடத்தை வீட்டில் நாம் அமைத்தல் வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசிகள் யாவும், தந்தையாருடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்திற் சேர்ந்து சார்ஜ் ஏறுக; படுக்கையறைக்குள் அவை செல்ல வேண்டா. தொழில் நிமித்தம் தம்மால் அங்ஙனம் விட இயலாதென்று சில தந்தையர் கூறுகின்றனர். நள்ளிரவில் ரீல்ஸ் பார்ப்பது எத்தொழிலைச் சேர்ந்ததோ, யானறியேன்.

இனி அபாயத்துக்கு வருவோம். அது நிகழும் விதம் பெரும்பாலும் ஒன்றே. விளையாட்டொன்றிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒருவன் அறிமுகமாவான். ஒத்த வயதுடைய மாணவன் என்றோ மாணவி என்றோ சொல்லிக்கொள்வான். புகழ்வான், துயரங் கேட்பான், பின் தனியாகப் பேசுதற்கு வேறொரு செயலிக்கு அழைப்பான். நம்பிக்கை முதிர்ந்தபின் படமொன்று கேட்பான். படம் கைக்கு வந்த கணமே குரல் மாறும். "பணம் அனுப்பு, இன்றேல் இதனை உன் தந்தைக்கும் உறவினர்க்கும் அனுப்பிவிடுவேன்" என்பான். இக்காலத்திற் படம் அனுப்பவும் வேண்டுவதில்லை. செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு, பள்ளி விழாவில் எடுத்த முகத்தை வேறோர் உடலிற் பொருத்திவிடுகின்றனர். பெண்பிள்ளைகளுக்கே இத்தீங்கு என்று எண்ணற்க, ஆண்பிள்ளைகளும் அகப்படுகின்றனர். வெளியே சொல்ல மாட்டாமல் உயிரை மாய்த்துக்கொண்ட சிறுவர் பல நாடுகளிலும் உளர்.

அன்பர்களே, அம்மிரட்டலைச் சற்று ஊன்றி நோக்குங்கள். "உன் தந்தைக்கு அனுப்புவேன்" என்ற சொல் ஏன் பலிக்கின்றது? முன்பின் அறியாத கயவனைக் காட்டிலும் பெற்ற தந்தையைப் பிள்ளை அதிகம் அஞ்சுகின்றமையாலன்றோ? நாம் "குலத்தின் மானம்" என்கின்றோம். "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்கின்றோம். யாதொரு பெண்ணைப் பற்றியேனும் வதந்தி வந்தால் அவள் பெற்றோரைக் கலியாண வீட்டிற் கண்டும் காணாதவர்போற் போகின்றோம். இவற்றையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேயிருக்கின்றனர். அக்கயவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது இவ்வழக்கமே என்று இந்தச் சபையிலேயே சொல்லத் துணிகின்றேன். "ஏதேனும் தப்பு நடந்ததென்று தெரிந்தால் போனை உடைத்துவிடுவேன், படிப்பை நிறுத்திவிடுவேன்" என்று எச்சரித்த வீட்டில், தப்பு நடந்தால் முதலில் மறைக்கப்படுவது பெற்றோரிடமே.

ஆகவே இன்றிரவே பிள்ளையை அருகிருத்தி இதனைச் சொல்லுங்கள்: "எது நடந்தாலும், நீயே தவறியிருந்தாலும், எங்களிடம் வா. அடிக்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம், போனையும் பறிக்க மாட்டோம்." சொன்னபின் அவ்வாக்கினைக் காக்கவும் வேண்டும்.

பிள்ளை வந்து சொன்னால் செய்யத்தக்கவை இவை. பணம் கொடுத்தலாகாது, கொடுத்தவரிடமே மீண்டும் கேட்பர். அக்கயவனுக்கு மறுமொழி எழுதற்க. உரையாடல்களை அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். பணம் போயிருப்பின் 1930-க்குத் தாமதமின்றி அழைக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோரின் படங்கள் பரவாது தடுக்க, 'டேக் இட் டவுன்' என்னும் இலவச ஏற்பாடொன்றை அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு மையமொன்று 2023 முதல் நடத்தி வருகின்றது. அதிற் படம் நம் கைப்பேசியை விட்டு வெளிச்செல்வதில்லை. அப்படத்துக்குரிய எண்குறி மட்டுமே சென்று, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலியவற்றில் அதனைக் கண்டு நீக்க உதவுகின்றது.

நியாயம் கேட்கின்றோமென்று மாமனுக்கும் மைத்துனனுக்கும் அப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் உளர். சிறுவரின் ஆபாசப் படத்தைப் பிறர்க்கு அனுப்புதல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றமாகும்.

போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால் பெயர் கெடுமென்று அஞ்ச வேண்டுவதில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலேனும் அது விரும்பும் இடத்திலேனும் பெறலாம். பெறும் அதிகாரி சீருடையில் இருத்தல் கூடாது. கூடியவரை பெண் அதிகாரியாக இருத்தல் வேண்டும். பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் பத்திரிகைகள் வெளியிடலாகாது.

முடிக்குமுன் நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பரிசு பெற்றோர் பட்டியலில் பிள்ளையின் புகைப்படம், பிறந்த தேதி, பள்ளியின் பெயர், தந்தையாரின் செல் நம்பர் அனைத்தையும் ஒருங்கே அச்சிட்டு, அப்பக்கத்தை வாட்ஸ்அப் குழுக்களிலும் பரப்பி வருகின்றோம். அன்பினாற் செய்வதுதான், ஆயினும் ஏமாற்றுவோனுக்கு வேண்டிய யாவும் அவ்வொரு பக்கத்திலேயே கிடைத்துவிடுகின்றன. அடுத்த இதழ் முதற்கொண்டு பிள்ளையின் பெயரும் வகுப்பும் மட்டும் அச்சிடுமாறும், பெற்றோரும் பிள்ளையும் இசைந்தாலன்றிப் படம் வெளியிடாதிருக்குமாறும் தீர்மானமொன்று கொண்டுவரக் காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். இன்று எடுத்த புகைப்படங்களையும் அத்தீர்மானம் நிறைவேறும் வரை குழுக்களில் இடாதிருப்பார்களாக.